ஓடைக்கு அக்கரையில் சுப்புலக்ஷ்மி மாமி

சுப்புலக்ஷ்மி மாமி தன் கணவரோடு பேச்சை நிறுத்தியது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்றே கால் மணிக்கு. நேரம் இவ்வளவு துல்லியமாகத் தெரியக் காரணம், எங்கள் ஹவுசிங் சொசைட்டியின் மினிட்ஸ் புத்தகத்தில் அந்த ஓட்டெடுப்பு நேரத்தோடு பதிவாகியிருப்பதுதான்.

மும்பை செம்பூரில் நாற்பத்தெட்டு ஃபிளாட் உள்ள கட்டடம் எங்களுடையது. நான்காம் மாடியில் மாமி குடும்பம், எதிர் ஃபிளாட்டில் நான். மாமிக்கு இப்போது அறுபது வயது. ஃபோர்ட்டில் ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீஸின் க்ளெய்ம் செக்‌ஷனில் முப்பத்துநாலு வருஷம் இருந்துவிட்டு ரிட்டையர் ஆனவர். மாடு முட்டி எரிந்துபோன ஸ்கூட்டர், பூட்டிய வீட்டில் தானாக உடைந்த டிவி என்று ஆயிரக்கணக்கான கதைகளைப் படித்தவர். யார் எந்தக் காரணத்தைச் சொன்னாலும் முதலில் நம்பாமல் இருப்பது அவருக்குப் பழகிப்போய்விட்டது. ரிட்டையர் ஆன கையோடு சொசைட்டி செக்ரட்டரி பதவிக்கு நின்றார். எதிர்த்து நின்றவர் இரண்டாம் மாடி பாட்கர். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவ வேண்டும் என்பது மாமியின் கட்சி. கழுவியாகிவிட்டது என்பது பாட்கரின் கட்சி.

ஃபிளாட்டுக்கு ஒரு ஓட்டு. கை தூக்கிப் போடுவது. மாமி வீட்டுப் பத்திரத்தில் முதல் பெயர் அவருடைய கணவர் வேங்கடசுப்ரமணியனுடையது. ஆகவே அந்த வீட்டு ஓட்டு மாமாவின் கையில் இருந்தது. "பாட்கருக்கு யார் யார்?" என்று தலைவர் மைக்கில் கேட்டார். மைக்கிலிருந்து இரண்டடி தள்ளி, முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த மாமா கையைத் தூக்கினார். அரைகுறையாக அல்ல, காதை ஒட்டி நேராகத் தூக்கினார். பாட்கருக்கு இருபத்திரண்டு, மாமிக்கு இருபத்தொன்று. நான் அன்று முலுண்டில் ஒரு சீமந்தத்துக்குப் போயிருந்தேன். மாமி அதையும் மன்னிக்கவில்லை.

மறுபடி எண்ணலாமா என்று கேட்டதற்கு மாமி வேண்டாம் என்றுவிட்டார். வீட்டுக்கு வந்ததும் மாமா சொன்னார்:

"டீக்காரன் வந்து டீ வேணுமான்னு கேட்டான். அதுக்குத்தான் கை தூக்கினேன்."

"பக்கத்துல மைக்குல கேட்டது காதுல விழலை. டீக்காரன் கேட்டது மட்டும் விழுந்துது."

மாமா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

"சரி," என்றார் மாமி.

அந்தச் 'சரி'க்குப் பிறகு இரண்டு வருஷம் அவர் மாமாவிடம் நேராக ஒரு வார்த்தை பேசவில்லை. மாமாவும் பேச முயலவில்லை.

வீடு நின்றுவிடவில்லை. காபி நேரத்துக்கு வந்தது, தட்டு நேரத்துக்கு விழுந்தது. ஆனால் மாமி தான் சொல்ல வேண்டியதையெல்லாம் அடுப்பைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தார். "சில பேருக்கு ஆத்துக்காரி தோத்தாலும் டீ சூடா இருக்கணும்." "முதுகுல குத்தறவாளுக்கு முதுகுவலித் தைலம் நாமதான் தேய்க்கணும்." காலையில் அரிசி களையும்போதே யோசித்து, செதுக்கி, தாளிக்கும் நேரத்தில் எடுத்துவிடுவார். சமையலறை ஜன்னல் வழியாக என் வீடு வரைக்கும் வரும். நல்ல வாக்கியங்கள். மாமாவோ கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டே இருப்பார். ஒரு முடி அசையாது. அந்த நிதானம்தான் மாமியை இன்னும் எரித்தது.

அவசியமான தகவல்கள் வாட்ஸ்அப் வழியாகப் போயின. மகள் ஹரிதா ஐரோலியில் ஒரு ஐடி கம்பெனியில் வேலை செய்கிறாள். கூடத்தில் இருந்துகொண்டு மாமா குடும்ப குரூப்பில் எழுதுவார்: 'ஹரிதா, ரசத்தில் உப்பு இல்லை என்று உன் அம்மாவிடம் சொல்.' சமையலறையிலிருந்து மாமி எழுதுவார்: 'ஹரிதா, உப்பு மேஜை மேலேயே இருக்கிறது என்று சொல். கண் இருந்தால் தெரியும்.' ஒருநாள் ஹரிதா அமெரிக்காக்காரர்களுக்குத் தன் லேப்டாப் திரையைக் காட்டி ஏதோ விளக்கிக்கொண்டிருந்தபோது, திரையின் ஓரத்தில் உப்பு விவகாரம் ஐந்து முறை எட்டிப் பார்த்தது. அந்தப் பக்கம் ஒரு தமிழர் இருந்திருக்கிறார். "உப்பைப் போடச் சொல்லுங்க மேடம், அப்புறம் கன்டினியூ பண்ணலாம்," என்றாராம்.

அன்றைக்குத்தான் ஹரிதா முடிவு செய்தாள். ஏப்ரல் கடைசியில் ஹிமாசலத்தில், குல்லுவுக்கு மேலே, பனி உருகும் காலத்து நாலு நாள் நடைப் பயணம். மூன்று பேருக்குப் பதிவு செய்தாள். வயதானவர்களும் போகலாம் என்று போட்டிருந்தது. மிக முக்கியமாக, போன் சிக்னல் கிடையாது என்றும் போட்டிருந்தது.

மாமியும் மாமாவும் ஹரிதாவுக்காக ஒத்துக்கொண்டார்கள். ஒரு மாதம் எங்கள் மாடிப்படிகளில் பயிற்சி நடந்தது. காலை ஆறு மணிக்கு முதுகுப்பையில் ஐந்து கிலோ பொன்னி அரிசியோடு மாமி ஏழு மாடியும் ஏறி இறங்குவார். ஏழு மணிக்கு வெறும் பையோடு மாமா மூன்று மாடி ஏறிவிட்டு லிஃப்டில் இறங்குவார். பலத்தை இப்போதே செலவழிக்கக் கூடாது என்பது அவர் கருத்து. லிஃப்ட் கெட்டுப்போய்விட்டதோ என்று பாட்கர் இரண்டு முறை மெக்கானிக்கைக் கூப்பிட்டார்.

கிளம்புகிற அன்று விமான நிலைய வாசலில் ஹரிதா பைகளை இறக்கிவைத்துவிட்டு டாக்ஸிக்குள் மறுபடி உட்கார்ந்துகொண்டாள்.

"எனக்கு ஆபீஸ்ல ரிலீஸ் இருக்கு. லீவ் கேன்சல் ஆயிடுத்து. நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்கோ."

"எப்போ கேன்சல் ஆச்சு?" என்றார் மாமி.

"போன வாரம்."

"அதை இன்னிக்கு சொல்றயா?"

"முன்னாடியே சொன்னா நீ வருவியா?" என்றாள் ஹரிதா. டாக்ஸி போய்விட்டது. மாமிக்குப் பொய் கேட்டால் கோபம் வரும். மகள் உண்மையைச் சொல்லிவிட்டதால் என்ன செய்வதென்று தெரியாமல் உள்ளே போனார்.

இதற்குப் பிறகு நடந்ததை இருவரும் தனித்தனியாக என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். இரண்டும் ஒத்துப்போகாத இடங்களில் மாமி சொன்னதைத்தான் எழுதியிருக்கிறேன். நான் எதிர் ஃபிளாட்டில் குடியிருக்கிறேன்.

மலையடி கிராமத்தில் ஆப்பிள் மரங்கள் இலை இல்லாமல் முழுக்க வெள்ளைப் பூவாக நின்றன. குழுவில் மொத்தம் எட்டுப் பேர். அதில் ஐந்து பேர் பூனாவிலிருந்து வந்தவர்கள். எப்போதும் ஒரு வழிகாட்டியோடு முன்னால் போய்விடுவார்கள். சாப்பாட்டு நேரத்தில்தான் அவர்கள் முகம் தெரியும். பின்தங்கிய மூன்று பேரை அழைத்துவர இன்னொரு வழிகாட்டி. பெயர் தாபே ராம். ஐம்பது வயது, தலையில் பூவேலை செய்த வட்டத் தொப்பி, கையில் பனி வெட்டும் கோடாலி. அவசரமே இல்லாத மனிதர்.

அந்த மூன்றாவது ஆள் செல்லப்பாண்டி. தாராவியில் சூட்கேஸும் பையும் தைக்கும் பட்டறை வைத்திருக்கிறார். சொந்த ஊர் திசையன்விளைப் பக்கம். வயது நாற்பத்திரண்டு, எடை நூற்றுப் பதினொன்று. நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்ல, மனைவி விஜயலட்சுமி அவரைக் கேட்காமலே இங்கே பதிவு செய்துவிட்டாள். தமிழ் பேசும் இரண்டு பேரைக் கண்டதும் அவருக்கு உயிர் வந்தது.

"மாமி, நீங்க செம்பூரா? நான் தாராவிதான். தொண்ணூறடி ரோட்டுல கடை. ஒங்க பேக் நான் தச்ச பேக்குதான். ஜிப்பப் பாத்தாலே தெரியுது."

முதல் நாள் ஏற்றம் தேவதாரு மரங்களுக்கு நடுவே போனது. ஒரு மணி நேரத்துக்குள் மாமா அவரைப் பிடித்துக்கொண்டார்.

"மிஸ்டர் பாண்டி, தெர்மாஸ் எந்தப் பையில இருக்குன்னு அங்கே கேளுங்கோ."

செல்லப்பாண்டி விகற்பமாக எடுத்துக்கொள்ளவில்லை. "மாமி, தெர்மாஸ் ஒங்க பையிலயான்னு மாமா கேக்காவ."

"இருக்குன்னு சொல்லுங்கோ. வெந்நீர் இப்போ கிடையாது, அடுத்த மேட்டுலதான்னும் சொல்லுங்கோ."

"இருக்காம். அடுத்த மேட்டுலதானாம்."

நாலைந்து சேதி போனதும் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. நின்றார். "ரெண்டு பேருக்கும் நடுவுல நாலு அடிதான் இருக்கு. நான் மூச்சு வாங்கிக்கிட்டு ஏறுதேன். இந்த மூச்சு எனக்கு நடக்கதுக்கே காணாது. பேசுததுன்னா எதாவது குடுத்துட்டுப் பேசுங்க."

மாமி பையிலிருந்து ஒரு கடலைமிட்டாயை எடுத்துக் கொடுத்தார். அன்றிலிருந்து ஒரு சேதிக்கு ஒரு கடலைமிட்டாய் என்று ஏற்பாடாயிற்று. மாலைக்குள் பதினான்கு தின்றுவிட்டார். டாக்டர் எதற்காக அனுப்பினாரோ அதற்கு நேர் எதிரான காரியம்.

கூடாரத்தில் இது செல்லுபடியாகவில்லை. மறுநாள் காலை மாமா தூங்கும் பைக்குள்ளிருந்து வெளியே வர முடியாமல் கால் மணி நேரம் புழு மாதிரி நெளிந்துகொண்டிருந்தார். ஜிப் மாட்டிக்கொண்டுவிட்டது. மாமி ஷூ கயிற்றைக் கட்டி முடித்துவிட்டு, கூடாரக் கம்பியைப் பார்த்து, "இழுக்கறதுக்கு முன்னாடி துணியை வெளியில தள்ளணும்," என்றார். மாமா கம்பிக்குச் சொன்னதைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. மேலும் ஐந்து நிமிஷம் நெளிந்தார். கடைசியில் மாமியே குனிந்து ஜிப்பைக் கழற்றிவிட்டு வெளியே போய்விட்டார். என்ன திமிர் என்று நினைத்துக்கொண்டாராம்.

தாபே ராம் செல்லப்பாண்டியைத் தனியாகக் கூப்பிட்டு ஹிந்தியில் விசாரித்தார். இவர்கள் இருவரும் வெவ்வேறு குடும்பமா, தெரியாமல் ஒரே கூடாரம் கொடுத்துவிட்டோமா என்று.

"ஹஸ்பெண்ட் வைஃபுதான்," என்றார் செல்லப்பாண்டி. "எலக்‌ஷன்ல பிரச்சினை."

தாபே ராம் புரிந்ததுபோலத் தலையாட்டினார். அவர் ஊரிலும் பஞ்சாயத்துத் தேர்தல் உண்டு.

இரண்டாம் நாள் மதியத்துக்கு மேல் பனி வந்தது. முதலில் மரத்தடிகளில் அழுக்குத் துணி போட்டதுபோலத் திட்டுத் திட்டாக, அப்புறம் வழி முழுவதும். எங்கும் நீர் ஓடும் சத்தம். பாறைக்கு அடியில், பனிக்கு அடியில், காலுக்கு அடியில். சிவப்பாகப் பூத்த மரம் ஒன்றின் கீழே நின்று மாமி கையில் கொஞ்சம் பனியை அள்ளி உருட்டிப் பார்த்தார். ஃப்ரிட்ஜ் டிஃப்ராஸ்ட் செய்யும்போது வருவது மாதிரிதான் இருக்கிறது என்று செல்லப்பாண்டியிடம் சொன்னார். ஆனால் உருண்டையை உடனே கீழே போட்டுவிடவில்லை.

அன்று சாயங்காலம் தாபே ராம் எல்லாரையும் உட்காரவைத்து ஒரே ஒரு விதியைச் சொன்னார். நாளைக்கு வழியில் ஒரு பெரிய ஓடை. ராத்திரி குளிரில் மேலே எல்லாம் உறைந்து நிற்கும், அதனால் காலையில் தண்ணீர் முழங்காலுக்குக் கீழேதான் இருக்கும், கல் மேல் கல்லாகத் தாண்டிவிடலாம். வெயில் ஏற ஏற மேலே உருகி வரும். பத்து மணிக்கு மேல் இடுப்பளவு. ஆகவே எட்டு மணிக்குள் ஓடையைத் தாண்டிவிட வேண்டும். ஆறு மணிக்குப் புறப்பாடு.

பூனாக்காரர்கள் ஐந்தே முக்காலுக்கே புறப்பட்டுப் போய்விட்டார்கள். செல்லப்பாண்டி ஆறு மணிக்குத் தயார். மாமி அதற்கும் முன்னால் தயார். மாமா தயாராகவில்லை. அவருடைய காபி உறைந்துபோயிருந்தது.

மாமா பாலக்காட்டுப் பூர்வீகம். டிகாக்‌ஷனை மாதுங்காவில் ஒரே ஒரு கடைப் பொடியில் போட்டு, ஒரு ஸ்டீல் பாட்டிலில் செம்பூரிலிருந்து விமானம் ஏற்றிக் கொண்டுவந்திருந்தார். இரண்டு நாள் அளந்து அளந்து குடித்தார். மூன்றாம் நாள் காலை பாட்டிலைக் கவிழ்த்தால் ஒன்றும் வரவில்லை. உள்ளே கறுப்பாகக் கெட்டியாக நின்றது. பாட்டிலை வெந்நீரில் வைத்தார். உருட்டினார். கம்பளிக்குள் வைத்துக்கொண்டு அதன்மேல் உட்கார்ந்தார். தாபே ராம் டீ இருக்கிறது என்று ஹிந்தியில் சொல்லிப் பார்த்தார். மாமா அவரை ஒரு பார்வை பார்த்தார். எப்படியோ பல்லைத் துலக்கிக் காபி குடித்து அவர் பையை மாட்டியபோது ஏழேகால்.

"இது இன்ஷூரன்ஸ்ல செல்லாது," என்றார் மாமி, பையின் வாரிடம்.

ஒன்பதே முக்காலுக்கு ஓடையை அடைந்தார்கள். தண்ணீர் பால் கலந்த மாதிரி வெளுத்து, சுருண்டு, பாறைகளை மூடிக்கொண்டு போயிற்று. சத்தம் லோக்கல் ரயில் பாலத்தின் மேல் போகிற சத்தம், ஆனால் முடியாமல் போய்க்கொண்டே இருந்தது. கல் ஒன்றும் வெளியே தெரியவில்லை. பூனாக்காரர்கள் எப்போதோ தாண்டி மேலே போய்விட்டிருந்தார்கள்.

தாபே ராம் திட்டவில்லை. ஓடையோரமாக மேலே கூட்டிக்கொண்டு போனார். கொஞ்சம் தூரத்தில் குளிர்காலப் பனி ஓடையின் மேல் பாலமாக இன்னும் நின்றிருந்தது. ஐந்தாறு எட்டு நீளம். அடியில் தண்ணீர் குகைக்குள் போவதுபோல நுழைந்து வெளியே வந்தது. அவர் கோடாலியால் தட்டிப் பார்த்து, மேல்புறமாக ஒதுங்கி, படிபோல வெட்டிக்கொண்டே அக்கரைக்குப் போனார். பிறகு ஒவ்வொருவராக, என் காலடியிலேயே கால் வைத்து வாருங்கள் என்று சைகை காட்டினார்.

மாமி முதலில் போனார். அரிசிப்பை தூக்கிய கால்கள், பிசகவில்லை.

அடுத்தது மாமா. இரண்டு எட்டு ஒழுங்காக வைத்தார். மூன்றாவதில் கொஞ்சம் வழுக்கியது. மேல்புறம் சரிவாகவும் கீழ்ப்புறம் சமமாகவும் அவருக்குப் பட்டிருக்கிறது. வெட்டிய படிகளை விட்டுக் கீழ்ப்புறமாக நகர ஆரம்பித்தார். அங்கே விளிம்புக்கு ஒரு முழம் உள்ளே, நீலமாக ஒரு வெடிப்புக் கோடு ஓடியதை அக்கரையிலிருந்த இருவரும் பார்த்தார்கள்.

தாபே ராம் "ருகோ, அங்கிள்ஜி," என்று நிற்கச் சொல்லிக் கத்தினார். மாமா நடந்தார். இக்கரையில் ஐந்தடி பின்னால் நின்ற செல்லப்பாண்டி, "மாமா, அங்க போவாதீங்க, நில்லுங்க," என்று பட்டறையில் மிஷின்கள் ஓடும்போது கூப்பிடுகிற குரலில் கூப்பிட்டார். மாமா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இன்னொரு எட்டு வைத்தார்.

மாமி வாயைத் திறந்தார். "ஏன்னா, நில்லுங்கோ." இரண்டு வருஷத்தில் நேராகச் சொன்ன முதல் வார்த்தை. நல்ல உரத்த குரல். அதுவும் போய்ச் சேரவில்லை.

அப்போது மாமி குனிந்து ஒரு கை பனியை அள்ளி, உருட்டி, எறிந்தார். முதலாவது தலைக்கு மேலே போயிற்று. இரண்டாவது மூக்கில் விழுந்தது. கண்ணாடி ஒரு காதிலிருந்து தொங்கியது. மாமா நின்றார். அவர் நின்று கண்ணாடியைச் சரிசெய்துகொண்டிருக்கும்போதே, அடுத்த அடி வைக்க இருந்த இடத்தில் ஒரு கட்டில் அகலப் பனி கழன்று தண்ணீருக்குள் போய்விட்டது.

மாமா அதைப் பார்த்தார். மாமியைப் பார்த்தார். பிறகு தாபே ராம் கை காட்டியபடி, வெட்டிய படிகளுக்குத் திரும்பி, ஒவ்வொன்றாகக் கால் வைத்துக் கரை ஏறினார். ஒரு பாறையில் உட்கார்ந்தார்.

"எதுக்கு அடிச்சே?" என்றார்.

"கூப்பிட்டேன். மூணு பேர் கூப்பிட்டோம். கேக்கலையா?"

மாமா கண்ணாடியைத் துடைத்தார். துடைத்து முடிந்த பிறகும் துடைத்தார்.

"கேக்கலை."

மாமி அவருடைய வலப்பக்கம் வந்து உட்கார்ந்தார். "தண்ணி சத்தத்துலயா?"

"தண்ணி சத்தமும்தான்."

முப்பத்துநாலு வருஷம் க்ளெய்ம் பார்த்தவருக்கு அந்த 'உம்' போதுமாக இருந்தது. "எந்தக் காது?"

"இடது. அது சுத்தமாப் போயாச்சு. வலது பாதி."

"எப்போலேர்ந்து?"

"அஞ்சு வருஷம் இருக்கும்."

"அன்னிக்கு மைக் எந்தப் பக்கம் இருந்தது?"

"இடது பக்கம். டீக்காரன் வலது பக்கமா வந்து குனிஞ்சு கேட்டான். நான் அப்பவே சொன்னேனே, டீன்னு."

"காது கேக்கலைன்னு சொல்லலியே நீங்க."

மாமா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். "செவிடன்னு சொல்றதுக்குத் துரோகின்னே சொல்லட்டும்னு விட்டுட்டேன்," என்றார். "அப்பறம் நீயும் பேசறதை நிறுத்திட்டே. எனக்கு அது ரொம்ப சௌகரியமாப் போச்சு. யாரும் ஒண்ணும் கேக்கறதில்லை, நான் என்ன என்னன்னு ரெண்டு தரம் கேக்க வேண்டாம். எல்லாம் வாட்ஸ்அப்புல எழுத்துல வந்துடறது."

மாமி அழவில்லை, சிரிக்கவும் இல்லை. அவர் முகத்தில் வேறு ஏதோ ஒன்று மெல்ல ஏறிக்கொண்டிருந்தது.

"அப்போ நான் அடுப்பாண்டை நின்னுண்டு சொன்னதெல்லாம்?"

"என்ன சொன்னே?"

"ஒண்ணும் காதுல விழலியா?"

"நீ ஏதாவது ஸ்லோகம் சொல்றேன்னு நினைச்சேன்."

மாமி எழுந்து நின்றுவிட்டார். இரண்டு வருஷம். தினம் ஒன்று, சில நாள் இரண்டு. எவ்வளவு யோசித்துச் செய்தவை. ஒன்றுகூடப் போய்ச் சேரவில்லை. சேர்ந்ததெல்லாம் எதிர் ஃபிளாட்டுக்குத்தான்.

இந்தப் பேச்சு நடந்த நேரம் முழுவதும் செல்லப்பாண்டி பாலத்தின் மேல் இருந்தார். விளிம்பு உடைந்துவிட்டதால், அவருடைய எடைக்குக் குப்புறப் படுத்துத் தவழ்ந்து வரும்படி தாபே ராம் சொல்லி, இடுப்பில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டிருந்தார். அவர் மூக்கில் பனியோடு கரைக்கு வந்து நிமிர்ந்தபோது, இருவரும் நேருக்கு நேர் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"ரெண்டு நாளா நாந்தான் தூது போனேன்," என்றார் தாபே ராமிடம், மனத்தாங்கலாக. "முக்கியமான நேரத்துல என்னயப் படுக்கப் போட்டுட்டீரு." தமிழில் சொன்னதால் தாபே ராம் முதுகைத் தட்டிக் கொடுத்தார்.

அதற்கு மேல் ஏற்றம். பனி இளகிவிட்டிருந்தது. ஒவ்வொரு எட்டும் முழங்கால் வரை உள்ளே போயிற்று. மாமி மாமாவின் வலப்பக்கமாக நடந்தார். நடந்துகொண்டே, இரண்டு வருஷமாகச் சொன்னவற்றையெல்லாம் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். வரிசையாக, ஒன்றையும் விடாமல், நல்ல காதில், உரத்த குரலில்.

"சில பேருக்கு ஆத்துக்காரி தோத்தாலும் டீ சூடா இருக்கணும். இது மொதல் நாள் சொன்னது."

"நன்னாருக்கு," என்றார் மாமா.

"முதுகுல குத்தறவாளுக்கு முதுகுவலித் தைலம் நாமதான் தேய்க்கணும்."

"இது எப்போ?"

"தீபாவளிக்கு முந்தின வாரம்."

"ஆமாம், அப்போ முதுகுவலிதான்." மாமா நின்று மூச்சு வாங்கினார். "நீ தைலம் தேய்ச்சு விட்டயே."

"தேய்ச்சுண்டேதான் சொன்னேன்."

சிலவற்றுக்கு மாமா சிரித்தார். சிலவற்றுக்கு விளக்கம் கேட்டார். ஒன்றிரண்டில், இது அநியாயம், அன்றைக்கு நான் தாணேயில் இருந்தேன் என்று மறுத்தார். மாமி அவற்றைத் திரும்பப் பெற்றுக்கொள்ளவில்லை. பின்னால் வந்த செல்லப்பாண்டி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே வந்து, பாட்கரின் மனைவியைப் பற்றிய ஒன்றுக்கு அடக்க முடியாமல் சிரித்து, கவனம் தவறி இடுப்பளவு பனியில் இறங்கிவிட்டார். மூன்று பேரும் சேர்ந்து இழுத்தார்கள். ஆள் வெளியே வந்தார், ஒரு ஷூ வரவில்லை. தாபே ராம் கோடாலியால் கால் மணி நேரம் தோண்டி அதை எடுத்தார்.

"மாமி, அடுத்தது சமதளத்துல சொல்லுங்க," என்றார் செல்லப்பாண்டி ஷூவில் இருந்து பனியைக் கொட்டிக்கொண்டே.

அவர்கள் முகாமுக்குப் போனபோது மூன்று மணி. மேலே இருக்கும் மேட்டுக்குப் போனால் பெரிய சிகரங்களின் வரிசை தெரியும் என்று விளம்பரத்தில் போட்டிருந்தது. பூனாக்காரர்கள் காலையிலேயே பார்த்துவிட்டு வந்து படம் காட்டினார்கள். இவர்கள் போய்ச் சேரும்போது மேகம் இறங்கி மூடிவிட்டது. மாமி அதைப் பற்றி இதுவரை ஒருமுறைகூட வருத்தப்பட்டதில்லை. சிகரம் எப்படி இருந்தது என்று நான் கேட்டபோது, "யாருக்குத் தெரியும், நான் ஆகஸ்ட் மாசத்துல இருந்தேன்," என்றார். ஆகஸ்டில் சொன்ன வாக்கியங்கள் வரை வந்திருந்தார் என்று பொருள்.

நாலாம் நாள் இறக்கத்தில் கிராமத்துக்கு மேலே போனில் சிக்னல் வந்தது. ஹரிதா அனுப்பிய முப்பத்தேழு செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. மாமி கூப்பிட்டார். "அப்பாக்குக் காது கேக்கலை. மாதுங்காவுல யார் நல்ல டாக்டர்னு பாரு."

"நீங்க பேசிண்டேளா?"

"பேசித்தான் தெரிஞ்சது."

"என்ன பேசினேள்?"

மாமி ஒரு நிமிஷம் யோசித்தார். "பழசெல்லாம்," என்றார்.

மாதுங்காவில் ஒரு சின்ன அறையில் மாமாவை உட்காரவைத்து ஹெட்போன் மாட்டிச் சோதித்தார்கள். சத்தம் கேட்டால் கையைத் தூக்க வேண்டும் என்றாள் அங்கே இருந்த பெண். மாமி வெளியே கண்ணாடி வழியாக அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். வலது காதில் போட்ட சத்தங்களில் ஏறக்குறைய பாதிக்குக் கை எழுந்தது, இடது காதில் ஒன்றுக்கும் எழவில்லை. "நான் அந்த ஃபைலை க்ளோஸ் பண்ணிட்டேன்," என்று மாமி அன்று சாயங்காலம் லிஃப்டில் என்னிடம் சொன்னார்.

மாமாவுக்கு இப்போது இரண்டு காதிலும் சிறிய மிஷின் இருக்கிறது. இடது காதுக்கு வருவதையும் அது வலது காதுக்கு அனுப்பிவிடுமாம். முதல் வாரம் அவர் வீட்டுக்குள் ஒரு புது ஊருக்கு வந்தவர்போல நடந்தார். ஃபேன் இப்படியா சத்தம் போடுகிறது என்று கேட்டார். ஏசி மேல் புறா குடியிருப்பது தெரிந்தது. குழாய் சொட்டுவது தெரிந்து, மாமி பிளம்பரைக் கூப்பிடும் வரை விடவில்லை. பேச்சு நன்றாக நடக்கிறது. சண்டையும் நன்றாக நடக்கிறது. என் சமையலறையில் கேட்பது முன்பைவிட அதிகம், ஆனால் தரம் கொஞ்சம் குறைந்துவிட்டது. உடனே பதில் வருவதால் மாமிக்குச் செதுக்க நேரம் கிடைப்பதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை செல்லப்பாண்டி மாமிக்கு ஒரு புதுப் பை கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். எடை நூற்றொன்பதுக்கு வந்திருக்கிறதாம். அவரை லிஃப்ட் வரைக்கும் கொண்டுவிட்ட மாமா, திரும்பும்போது என் கதவு மணியை அடித்தார். எதிர் ஃபிளாட்டில் பத்து வருஷமாக இருந்தும் அவர் இதற்கு முன் வந்ததில்லை.

"ஒண்ணு சொல்லணும், தப்பா நினைச்சுக்கப்டாது," என்றார். "காலம்பற ஆறு மணிக்கு உங்காத்து மிக்ஸி ஓடறப்போ, நடுவுல கர்ருன்னு ஒரு சத்தம் வரது. ஏதோ தேஞ்சிருக்கு. ரிப்பேருக்குக் குடுத்துடுங்கோ."

கொடுத்தேன். அவர் சொன்னது சரிதான். பிளேடுக்கு அடியில் வாஷர் போயிருந்தது.